புரூக்ளின் பிரவுன்ஸ்டோன் வீடு வாங்குவது எப்படி: கல்லுக்கு முன் காகிதம்

நியூயார்க்கின் புரூக்ளினில் பெட்ஃபோர்ட்-ஸ்டைவசன்ட் என்றொரு பகுதி இருக்கிறது. பெட்-ஸ்டை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அங்கே ஒரு பிரவுன்ஸ்டோன் வீடு, அதாவது முகப்பில் பழுப்பு மணற்கல் பதித்த பழைய வரிசை வீடு, விற்பனைக்கு வந்தால், விளம்பரத்தில் முதலில் வருவது பளிங்குக் கணப்பும் செதுக்கிய மாடிப்படிக் கைப்பிடியும் முன்படி ஏறி நுழையும் பார்லர் தளத்தின் உயரமான கூரையும்தான். எல்லாமே உண்மையான அழகு. ஆனால் வாங்கியவரைப் பின்னாளில் அலைய வைப்பது இவற்றில் எதுவும் இல்லை. வீட்டின் சட்டப்படியான அடையாளம், பத்திரத்தின் வரலாறு, உள்ளே குடியிருப்பவர்களின் உரிமை, முகப்புக் கல்லின் நிலை ஆகிய நான்கையும் இதே வரிசையில் பார்த்து முடித்த பிறகுதான் சமையலறையைப் பற்றி யோசிக்க வேண்டும். முதல் இரண்டையும் பெரும்பாலும் காசு செலவழிக்காமல், வீட்டுக்குள் கால் வைக்காமலே பார்த்துவிடலாம். மூன்றாவதிலும் பாதியை அப்படித் தெரிந்துகொள்ளலாம்.

முதல் படி: தெருவின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்த வரிசை வீடுகளில் பெரும்பாலானவை 1870-களிலிருந்து 1890-களுக்குள் கட்டப்பட்டவை. நடுத்தர வர்க்கத்து வெள்ளையர் குடும்பங்கள், ஒரு வீட்டுக்கு ஒரு குடும்பம் என்று வாழ்வதற்காகக் கட்டினார்கள். 1936-இல் ஃபுல்டன் தெருவுக்கு அடியில் சுரங்க ரயில் திறந்ததும், ஹார்லெமின் நெரிசலிலிருந்து கறுப்பினக் குடும்பங்கள் இங்கே வரத் தொடங்கின. 1938-இல் அரசின் வீட்டுக்கடன் அமைப்பு வரைந்த வரைபடத்தில் இந்தப் பகுதி சிவப்பில் தீட்டப்பட்டது. இங்கே கடன் கொடுப்பது ஆபத்து என்பது அந்தச் சிவப்பின் பொருள். வங்கிகள் கையை விரித்தன. கடன் கிடைக்காத உரிமையாளர்கள் தவணை கட்டுவதற்காக வீட்டை அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விட்டார்கள். அதையும் மீறி, தலைமுறை தலைமுறையாக வீட்டைக் கையைவிட்டுப் போகாமல் காத்த குடும்பங்கள் இங்கே ஏராளம். அரசாங்கமும் வங்கிகளும் கைவிட்டிருந்த காலத்தில் இந்தக் கல் வீடுகளைக் காப்பாற்றியவர்கள் அவர்கள்தான். 1967-இல் தொடங்கிய பெட்ஃபோர்ட் ஸ்டைவசன்ட் ரெஸ்டோரேஷன் கார்ப்பரேஷனும் வீடு பழுதுபார்ப்புக்குப் பெரிய அளவில் கைகொடுத்தது.

இன்று விலை ஏறிவிட்டது. 2010-க்கும் 2020-க்கும் இடையே இங்கிருந்த கறுப்பின மக்கள்தொகை இருபதாயிரத்துக்கும் மேல் குறைந்திருக்கிறது. வீடு வாங்க வழிகாட்டச் சொன்னால் வரலாறு எதற்கு என்று கேட்கலாம். அடுத்து வரும் சிக்கல்கள் எல்லாமே இந்த வரலாற்றிலிருந்து நேராக இறங்கி வந்தவை. அறைகளாகப் பிரித்ததால் சட்ட அடையாளம் குழம்பியது. உயில் எழுதாமல் வீடு கைமாறியதால் பத்திரம் குழம்பியது. விலை ஏறியதால் ஏமாற்றுக்காரர்கள் வந்தார்கள்.

இரண்டாவது படி: சட்டப்படி இது எத்தனை குடும்ப வீடு?

விளம்பரத்தில் "மூன்று குடும்ப வீடு" என்று இருக்கும். உள்ளே மூன்று சமையலறையும் இருக்கும். அதை நம்பாதீர்கள். நகரக் கட்டடத் துறையின் இணையதளத்தில் முகவரியைக் கொடுத்து, குடியிருப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். 1938-க்கு முன் கட்டிய வீடுகளுக்கு, பயன்பாடோ குடும்ப எண்ணிக்கையோ பின்னால் மாறாதவரை, சான்றிதழ் கட்டாயமில்லை. அதனால் பல பிரவுன்ஸ்டோன்களுக்கு அது இருக்கவே இருக்காது. பதறத் தேவையில்லை. அந்த நிலையில் கட்டடத் துறையிடம் "ஆட்சேபணை இல்லை" கடிதம் வாங்கலாம். வீட்டுவசதித் துறையான எச்.பி.டி.யின் தளத்தில் ஐ-கார்டு என்ற பழைய ஆய்வு அட்டையின் படம் கிடைத்தால் இன்னும் நல்லது. எந்தத் தளத்தில் எத்தனை அறை, எத்தனை குடும்பம் என்று அந்தக் கால ஆய்வாளர் கையால் எழுதிய அட்டை அது. எனக்குத் தெரிந்து ஒரு பழைய நியூயார்க் வீட்டைப் பற்றி இவ்வளவு நேர்மையாகப் பேசும் ஆவணம் வேறில்லை.

அட்டையிலோ சான்றிதழிலோ "எஸ்.ஆர்.ஓ." அல்லது "ரூமிங் ஹவுஸ்" என்று இருந்தால் அங்கேயே நில்லுங்கள். அறை வாடகை வீடு என்று அதற்குப் பொருள். அதைக் குடும்ப வீடாக மாற்ற, அங்கே குடியிருந்தவர்களை யாரும் துன்புறுத்தி வெளியேற்றவில்லை என்று எச்.பி.டி. விசாரித்துத் தரும் சான்று வேண்டும். அது இல்லாமல் கட்டட அனுமதி கிடைக்காது. விசாரணை மாதக்கணக்கில் இழுக்கும். முன்னாள் குடித்தனக்காரர்களையும் கேட்பார்கள். கடன் தரும் வங்கிகளில் பலவும் இந்த வகை வீட்டைத் தொடாது. விலை கவர்ச்சியாகக் குறைந்திருக்கும் வீடுகளில் பல இந்த வகைதான். இந்தச் சான்றை விற்பவரே வாங்கிக் கொடுத்த பிறகு கிரயம் என்று பேசுவதே பாதுகாப்பு.

குடும்ப எண்ணிக்கை சொத்து வரியையும் மாற்றும். ஒன்று முதல் மூன்று குடும்பம் வரை முதல் வகுப்புச் சொத்து. சந்தை மதிப்பில் 6% மட்டுமே வரி மதிப்பாகக் கணக்கிடுவார்கள். அந்த மதிப்பும் ஆண்டுக்கு 6 சதவீதத்துக்கு மேலோ ஐந்தாண்டில் 20 சதவீதத்துக்கு மேலோ ஏற முடியாது. நான்காவது குடும்பம் சேர்ந்தால் வகுப்பே மாறிவிடும். விற்றுக் கைமாறினாலும் இந்த வரம்பு அறுந்துபோகாது, அது வீட்டோடு தொடரும். புதிதாகச் செய்யும் கட்டட மாற்றங்களுக்கு மட்டும் இந்த வரம்பு பொருந்தாது.

மூன்றாவது படி: வில்லங்கம் பாருங்கள், நீங்களே

பத்திர உரிமையைச் சரிபார்த்து அதற்குக் காப்பீடு தரும் டைட்டில் கம்பெனி எப்படியும் பார்க்கும். இருந்தாலும் நீங்களும் ஒரு மாலை உட்கார்ந்து பார்க்க வேண்டும். நகரப் பதிவாளரின் ஆக்ரிஸ் தளத்தில் 1966 முதலான பத்திரங்கள், அடமானங்கள், கடன் விடுதலைகள் எல்லாம் இலவசமாகப் பார்க்கக் கிடைக்கும். பின்னோக்கிப் படியுங்கள்.

நாற்பது வருடம் ஒரே பெயர், பிறகு அவருடைய மறைவு, பிறகு வாரிசுகள் என்று போனால் சரி, வாரிசுரிமை நீதிமன்றம் யாருக்கு விற்கும் அதிகாரம் கொடுத்திருக்கிறது என்பதற்கான கடிதத்தை வழக்கறிஞர் கேட்டு வாங்க வேண்டும். உயில் இல்லாமல் இறந்தவரின் வீட்டில் ஆறேழு வாரிசுகள் இருக்கலாம். ஒருவர் கையெழுத்து விட்டுப்போனாலும் உங்களுக்குக் கிடைப்பது முழு வீடு இல்லை, வீட்டில் ஒரு பங்குதான்.

வேறொரு வடிவம் தெரிந்தால் கவலைப்படுங்கள். பல காலம் ஒரு முதியவர் பெயரில் இருந்த, கடனே இல்லாத வீடு. திடீரென்று ஒரு எல்.எல்.சி. நிறுவனத்தின் பெயருக்கு, சந்தை விலையில் சிறு பங்குக்கு மாறியிருக்கும். சில மாதத்தில் பளபளவென்று புதுப்பித்து விற்பனைக்கு வந்திருக்கும். புரூக்ளினின் கறுப்பினக் குடியிருப்புகளைப் பல வருடமாக வதைக்கும் பத்திரத் திருட்டு பெரும்பாலும் இந்தத் தடத்தில்தான் நடக்கிறது. கடனில் உதவுகிறோம் என்று சொல்லி, வயதானவரிடம் கையெழுத்து வாங்கி, வீட்டையே எழுதி வாங்கிவிடுவார்கள். நியூயார்க் மாநிலத்தில் 2024 முதல் இது தனிக் குற்றம். கையெழுத்தே போலி என்றால் அந்தப் பத்திரம் பிறக்கும்போதே செல்லாதது. நீங்கள் எத்தனை நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தாலும் அது உங்களுக்கு உரிமை தராது. டைட்டில் இன்ஷூரன்ஸ் பணத்தைத் திருப்பித் தரலாம், வீட்டைத் தராது. அதைவிடப் பெரிய விஷயம், அந்த வீட்டைவிட்டுத் துரத்தப்பட்ட ஒருவர் எங்கோ இருக்கிறார். இந்தத் தடம் தெரிந்தால், சட்டப்படி எல்லாம் சரியாக இருக்கிறது என்று தரகர் சொன்னாலும், முந்தைய உரிமையாளர் உண்மையிலேயே விரும்பித்தான் விற்றாரா என்று உங்கள் வழக்கறிஞரை விசாரிக்கச் சொல்லுங்கள். பதில் தெளிவாக வரவில்லை என்றால் வாங்காதீர்கள்.

இதே அமர்வில் கட்டடத் துறை மீறல்கள், எச்.பி.டி. மீறல்கள், தண்ணீர்க் கட்டண பாக்கி ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பாக்கி வீட்டைத் தொடர்ந்துதான் வரும், பழைய உரிமையாளரைத் தொடர்ந்து போகாது.

நான்காவது படி: உள்ளே யார் இருக்கிறார்கள்?

"காலி செய்து ஒப்படைக்கப்படும்" என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள். அந்த வரிக்குப் பின்னால் சில சமயம் முப்பது வருடமாக மூன்றாம் மாடியில் வாழும் ஒரு பெரியம்மா இருப்பார். அவரை யார், எப்படி, எந்த உரிமையில் காலி செய்யச் சொல்கிறார்கள் என்பது உங்களுக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்.

1974-க்கு முன் கட்டப்பட்டு ஆறு அல்லது அதற்கு மேல் குடியிருப்புகள் உள்ள கட்டடத்தில் வாடகைக் கட்டுப்பாடு இருக்கக்கூடும். பிரவுன்ஸ்டோன் நான்கு மாடிதானே என்று விட்டுவிடாதீர்கள். ஒரு காலத்தில் ஆறு அறைகளாகப் பிரித்து விட்ட வீடும் இதில் மாட்டலாம். கட்டுப்பாட்டுக்குள் இருக்கும் குடித்தனக்காரருக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் உரிமை உண்டு, 2019 சட்டத்துக்குப் பிறகு அந்த உரிமை இன்னும் வலுவானது. கட்டுப்பாடு இல்லாத வீட்டிலும், எழுத்து ஒப்பந்தம் நடப்பில் இருந்தால் புது உரிமையாளர் அதற்குக் கட்டுப்பட்டவர். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப் போவதில்லை என்றால் முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும். ஒரு வருடத்துக்கும் குறைவாக இருந்தவருக்கு 30 நாள், இரண்டு வருடம் வரை இருந்தவருக்கு 60 நாள், அதற்கும் மேல் இருந்தவருக்கு 90 நாள்.

ஒவ்வொரு குடித்தனக்காரரிடமும் வாடகை எவ்வளவு, முன்பணம் எவ்வளவு, ஒப்பந்தம் எதுவரை என்று கையெழுத்திட்ட கடிதம் வாங்கச் சொல்லுங்கள். தரையோடு ஒட்டிய கார்டன் தளத்தை வாடகைக்கு விட்டுவிட்டு மேல் தளங்களில் நீங்கள் வாழ்வதாகத் திட்டம் என்றால், இப்போது இருப்பவரையே தொடரச் சொல்வது பல சமயம் எல்லோருக்கும் நல்லது. கொதிகலன் எப்போது மக்கர் செய்யும், எந்த மழைக்கு நிலவறையில் தண்ணீர் வரும் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும்.

ஐந்தாவது படி: இப்போது கல்லைப் பாருங்கள்

பிரவுன்ஸ்டோன் வீடு முழுக்கக் கல்லால் ஆனது இல்லை. சுவர் செங்கல். முன்பக்கத்தில் மட்டும் சில அங்குலக் கனத்துக்குப் பழுப்பு மணற்கல் பதித்திருப்பார்கள். பின்பக்கம் போய்ப் பார்த்தால் வெறும் செங்கல்தான். நியூயார்க்குக்கு வந்த இந்தக் கல்லில் பெரும்பகுதி கனெக்டிகட் மாநிலத்தின் போர்ட்லண்ட் ஊரிலிருந்தும் நியூஜெர்சியிலிருந்தும் வெட்டி எடுத்தது. போர்ட்லண்ட் குவாரிகள் 1936 வெள்ளத்தில் மூழ்கின. பிற்காலத்தில் சிறிய அளவில் மறுபடி நடந்த வெட்டு வேலையும் 2012-இல் நின்றுவிட்டது. ஆகவே அசல் கல்லை வைத்துப் பழுது பார்ப்பது இன்று அநேகமாக நடக்காத காரியம்.

இந்தக் கல் அடுக்கடுக்காகப் படிந்து உருவானது. பூமியில் கிடந்தது போலவே அடுக்குகளைப் படுக்கை வசமாக வைத்துக் கட்டினால் நீண்ட காலம் நிற்கும். ஆனால் பெரிய பலகைகளாக அறுத்து முகப்பில் ஒட்டுவதற்கு வசதியாக, கட்டியவர்கள் பல இடங்களில் அடுக்குகளை நிற்க வைத்துவிட்டார்கள். நிறுத்தி வைத்த புத்தகத்தின் தாள்களைப் போல அவை ஒவ்வொன்றாக வெளிப்பக்கம் பிரிகின்றன. இடையில் தண்ணீர் இறங்கி, குளிர்காலத்தில் உறைந்து விரிந்து, பலகை பலகையாக உதிர்க்கிறது.

காலை அல்லது மாலை வெயில் முகப்பில் சாய்வாக விழும்போது போய்ப் பாருங்கள். கல் உப்பியிருப்பது அப்போதுதான் நிழலாகத் தெரியும். பார்க்க வேண்டிய இடங்கள்: ஜன்னலுக்கு மேலும் கீழும் உள்ள கற்கள், ஸ்டூப் என்கிற முன்படிக்கட்டின் பக்கச் சுவர், கூரை விளிம்பு அலங்காரத்துக்குக் கீழே, தரையோடு ஒட்டிய அடிப்பகுதி. விரல் முட்டியால் மெல்லத் தட்டினால் உள்ளே பிரிந்த கல் வெற்றொலி தரும். முகப்பு முழுதும் ஒரே சீரான சாக்லேட் நிறத்தில் வழுவழுவென்று இருந்தால் அது கல்லே இல்லை, பிற்காலத்துச் சிமென்ட் பூச்சு. அது தவறு என்று சொல்ல வரவில்லை. எப்படிப் பூசினார்கள் என்பதுதான் கேள்வி.

முறையாகச் செய்வதென்றால், உதிரும் கல்லை உறுதியான பகுதி வரும்வரை வெட்டி எடுத்து, பிடிப்புக்காகத் துளைகள் போட்டு, அடிப்பூச்சை அடுக்கடுக்காகக் கொடுத்து, கல்லின் நிறத்துக்கும் சொரசொரப்புக்கும் ஒத்த கலவையை மேலே பூசி, ஈரம் உள்ளபோதே அசல் வடிவத்தைச் செதுக்க வேண்டும். மலிவு வேலையில் உதிர்ந்த கல்லின் மேலேயே பூசிவிடுவார்கள். சில குளிர்காலத்தில் பூச்சும் அதன் பின்னால் கல்லும் சேர்ந்தே விழும். முகப்புக்குப் பெயின்ட் அடித்திருந்தால் இன்னும் மோசம். உள்ளே போன ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லை உள்ளிருந்தே தின்னும். முகப்பு வேலைக்கான மதிப்பீட்டை, அதற்கென்றே தொழில் செய்யும் ஒருவரிடம், விலை பேசும் முன்பே வாங்கிவிடுங்கள். பொதுவான வீட்டு ஆய்வாளர் இதை இரண்டு வரியில் முடித்துவிடுவார்.

ஆறாவது படி: உள்ளே, கீழிருந்து மேலே

நிலவறையில் தொடங்குங்கள். சுவரில் வெள்ளை உப்புப் படிந்திருந்தால் ஈரம் இறங்குகிறது. பழைய எண்ணெய்த் தொட்டி, குழாய்களைச் சுற்றிய ஆஸ்பெஸ்டாஸ், தெருவிலிருந்து வரும் தண்ணீர்க் குழாய் ஈயமா என்பது ஆகிய மூன்றையும் பாருங்கள். தெருவின் பெருங்குழாயிலிருந்து வீடுவரை உள்ள தண்ணீர், கழிவுநீர்க் குழாய்கள் உரிமையாளரின் பொறுப்பு. அதனால் கழிவுநீர்க் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்கும் செலவுக்குத் தயங்க வேண்டாம்.

தளங்களைத் தாங்கும் மர உத்தரங்கள் ஒரு பக்கத்துச் சுவரிலிருந்து மறு பக்கத்துச் சுவர்வரை ஓடுகின்றன. இரண்டு சுவர்களும் அண்டை வீட்டுக்காரரோடு பொதுவானவை. உத்தரத்தின் முனை செங்கலுக்குள் செருகியிருக்கும் இடத்தில் ஈரம் பட்டால் அங்கேதான் அழுகும். மாடிப்படியை ஒட்டித் தரை சரிந்திருப்பது இந்த வீடுகளில் சகஜம். சரிவு பழையதா, இன்னும் நடக்கிறதா என்பதைச் சொல்ல ஒரு கட்டமைப்புப் பொறியாளர் வேண்டும். ஈயப் பெயின்ட் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள், குழந்தைகள் இருந்தால் அதை முதல் வேலையாக்குங்கள். பழைய பீங்கான் குமிழ் மின்கம்பி இன்னும் உயிரோடு இருந்தால் காப்பீடு கிடைப்பதே கடினம். கூரை தட்டையாகத் தெரிந்தாலும் பொதுவாகப் பின்பக்கம் சரியும். வடிகால் அங்கே அடைத்திருந்தால் அதன் தடம் பின்சுவரில் கறையாக இறங்கியிருக்கும்.

ஏழாவது படி: பாதுகாக்கப்பட்ட வட்டாரமா?

பென் ஸ்டேஷன் என்ற பழைய ரயில் நிலையத்தை இடித்த துக்கத்துக்குப் பிறகு, பழைய கட்டடங்களைப் பாதுகாக்க 1965-இல் நியூயார்க்கில் லேண்ட்மார்க்ஸ் ஆணையம் வந்தது. முதல் பாதுகாக்கப்பட்ட வட்டாரம் புரூக்ளின் ஹைட்ஸ். பெட்-ஸ்டையில் ஸ்டைவசன்ட் ஹைட்ஸ் 1971-இல் அறிவிக்கப்பட்டு 2013-இல் விரிந்தது. பெட்ஃபோர்ட் வட்டாரம் 2015-இல் வந்தது. ஒரு தெருவில் உள்ள வீடு வட்டாரத்துக்குள், அடுத்த தெருவில் உள்ளது வெளியே என்று இருக்கும். வில்லோபி அவென்யூவில் இருந்த டாங்லர் மாளிகை, பாதுகாப்பு அறிவிப்பு முடிவாகும் முன்பே, 2022-இல் இடிக்கப்பட்டது. அக்கம்பக்கத்தார் எவ்வளவோ போராடியும் நிறுத்த முடியவில்லை. வட்டாரத்துக்கு வெளியே வாங்கினால் பக்கத்து மனைக்கும் அந்தக் கதி நேரலாம் என்று தெரிந்தே வாங்குங்கள்.

வட்டாரத்துக்குள் இருந்தால் ஜன்னல், கதவு, ஸ்டூப், இரும்புக் கிராதி, முகப்பு நிறம், பின்பக்க விரிவு எல்லாவற்றுக்கும் ஆணையத்தின் அனுமதி வேண்டும். உள் அலங்காரத்தில் பெரும்பாலும் தலையிட மாட்டார்கள். பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. சாதாரணப் பழுதுகளை அலுவலர்களே முடித்துவிடுவார்கள், பெரிய மாற்றங்கள்தான் பொது விசாரணைக்குப் போகும். ஆனால் முந்தைய உரிமையாளர் அனுமதியில்லாமல் பிளாஸ்டிக் ஜன்னல் மாட்டியிருந்தால், அந்த மீறல் இப்போது உங்களுடையது. வாங்கும் முன் கேளுங்கள். "கட்டப்படாத பரப்பு இவ்வளவு மீதி" என்று விளம்பரம் பெருமை பேசினால், வட்டாரத்துக்குள் அந்தப் பரப்பை நினைத்தபடி மேலே ஏற்ற முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எட்டாவது படி: விலைக்கு மேல் வரும் பணம்

இருபது லட்சம் டாலர் விலை, பதினான்கு லட்சம் கடன் என்று வைத்துக்கொள்வோம். பத்து லட்சம் டாலரிலிருந்து தொடங்கும் "மாளிகை வரி" வாங்குபவர் தலையில். அது 1%, இருபது லட்சத்தைத் தொட்டதும் 1.25%. ஆக 25,000 டாலர். விலையை ஒரு டாலர் குறைத்துப் பேசினாலே இது 20,000-க்கு இறங்கிவிடும், எனவே இந்த எல்லையை ஒட்டிய விலையைக் கவனமாகப் பேசுங்கள். அடமானப் பதிவு வரி, ஐந்து லட்சமும் அதற்கு மேலும் உள்ள கடனுக்கு, மூன்று குடும்பம் வரையிலான வீட்டில், வாங்குபவர் பங்கு 1.925%. அதாவது 26,950 டாலர்.

இதைக் குறைக்க ஒரு வழி உண்டு, சீமா என்பார்கள். விற்பவருக்கு இன்னும் நான்கு லட்சம் கடன் பாக்கி இருந்தால், அந்தக் கடனை அடைத்து மூடாமல் உங்கள் வங்கிக்கு மாற்றிக்கொண்டு, மீதி பத்து லட்சத்துக்கு மட்டும் வரி கட்டுவது. 7,700 டாலர் மிச்சம். விற்பவருக்கும் சொத்துக் கைமாற்று வரியில் சற்றுக் குறையும் என்பதால் ஒப்புக்கொள்வார். இரண்டு வங்கிகளும் சம்மதிக்க வேண்டும், நேரமும் கட்டணமும் ஆகும். அதனால் கடனுக்கு விண்ணப்பிக்கும் நாளிலேயே கேளுங்கள்.

ஒன்பதாவது படி: ஒப்பந்தம்

நியூயார்க்கில் விலை ஒத்துக்கொண்டாலும் இரு தரப்பும் கையெழுத்திடும்வரை யாரையும் கட்டுப்படுத்தாது. கையெழுத்தின்போது வழக்கமாக 10% முன்பணம், அது வழக்கறிஞரின் காப்புக் கணக்கில் இருக்கும். மேலே சொன்ன எல்லா ஆய்வும் அதற்கு முன் முடிந்திருக்க வேண்டும். 2024 மார்ச் முதல், விற்பவர் வீட்டின் நிலையைப் பற்றிய படிவத்தை நிரப்பித் தந்தே ஆக வேண்டும். முன்பெல்லாம் 500 டாலரைக் கழித்துக்கொடுத்துத் தப்பிப்பார்கள். இனி அந்த வழி இல்லை. வாரிசுகள் விற்கும் சொத்து போன்ற சில விலக்குகள் உண்டு, அவற்றில் ஆய்வாளரின் அறிக்கைதான் உங்களுக்கு ஒரே துணை.

கணப்பு மேடை, ஆளுயரக் கண்ணாடி, ஜன்னலோரம் மடங்கும் மரக்கதவுகள், பழைய விளக்குகள் எல்லாவற்றையும் படமெடுத்து, வீட்டோடு சேர்ந்தவை என்று ஒப்பந்தத்தில் பட்டியலிடச் சொல்லுங்கள். பழைய கட்டடப் பொருள்களுக்கு நல்ல சந்தை உண்டு, காலி வீட்டிலிருந்து அவை காணாமல்போவது நடக்கிறது.

வாங்கிய பின் முதலில் கூரையும் வடிகாலும், அடுத்து முகப்பு, அதன் பிறகே உள்ளே. வரலாற்று இடங்களின் தேசிய அல்லது மாநிலப் பதிவேட்டில் உள்ள வட்டாரத்தில், தகுதியுள்ள பகுதியில், நீங்களே குடியிருக்கும் வீடு என்றால் புதுப்பிப்புச் செலவில் 20%, அதிகபட்சம் 50,000 டாலர் வரை மாநில வருமான வரியில் கழித்துக்கொள்ளும் சலுகை இருக்கிறது. நகரத்தின் லேண்ட்மார்க்ஸ் பட்டியலும் இந்தப் பதிவேடும் வேறு வேறு, இரண்டையும் தனித்தனியாகச் சரிபாருங்கள். வேலை தொடங்கும் முன்பே விண்ணப்பித்து ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். சாரம் கட்டிய பிறகு கேட்டால் கிடைக்காது.